சும்மா தூக்கியவர்

கோயம்புத்தூரில் நான் குடியிருக்கும் தெருவின் முனையில் இப்போது ஒரு ஜிம் வந்திருக்கிறது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பையன்களும் பெண்களும் இரும்பைத் தூக்கித் தூக்கிக் கீழே வைக்கிறார்கள். எதற்குத் தூக்குகிறாய் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. என் மகனும் அங்கே போய் வியர்க்க வியர்க்கத் தூக்கிவிட்டு, கண்ணாடியில் கையை மடக்கிப் பார்த்துவிட்டு வருகிறான். அவனை விசாரிக்க எந்தப் போலீஸ்காரரும் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியதில்லை. இதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம்தான். மறுபக்கம் வயிறு எரிகிறது. இதே காரியத்துக்கு என் சித்தப்பாவிடம் மட்டும் ஏன் ஊரே கூடிக் காரணம் கேட்டது என்று நினைத்தால், இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

நாங்கள் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டுக் கப்பலில் வந்தவர்கள். மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் கிடந்துவிட்டு, கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்து மலையேறினோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் ஒரே தம்பி, இவ்வளவுதான் குடும்பம். தொழிலாளர் குடியிருப்பை நாங்கள் லயம் என்போம், அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் பாடி என்பார்கள். பெயர் எதுவானால் என்ன, ஒரே அறை, ஒரே அடுப்பு, மழை பெய்தால் ஒரே மூலையில் நால்வரும் ஒதுங்க வேண்டியதுதான். கூடலூர் மழையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம்.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வயது வித்தியாசம் அதிகம். பெற்றவர்கள் சிலோனிலேயே இறந்துவிட்டதால் தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அப்பாதான். அப்பா ஒல்லியான, சத்தமில்லாத ஆள். பஸ்ஸில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டே வருவார். யாராவது அதட்டினால் தப்பு யார் பேரில் என்று யோசிக்கும் முன்பே கை கூப்பிவிடுவார். "நாம வந்தவங்க. இருக்கிற எடம் தெரியாம இருந்துட்டுப் போகணும்" என்பது அவர் வீட்டில் அடிக்கடி சொன்ன பேச்சு. நாங்கள் எங்கும் போகப்போவதில்லை, இங்கேதான் இருக்கப்போகிறோம் என்பது அவருக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சித்தப்பா இருக்கிற இடம் தெரியாமல் இருக்கக்கூடிய ஆள் இல்லை. நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டு போனார்.

புது லயம் கட்டிய சமயத்தில்தான் இது ஆரம்பித்தது. சமவெளியிலிருந்து வந்திருந்த கொத்தனாருக்கு வேலை முடிந்த நேரத்தில் மணலும் தண்ணீரும் சுமந்து கொடுத்து, கூலியாகப் பணம் வாங்காமல் சிமெண்டு கேட்டு வாங்கினார் சித்தப்பா. அடுப்புத் திண்டு கட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு கொத்தனாரும் கொடுத்தார். சித்தப்பாவோ இரண்டு காலிப் பெயின்ட் டின்களில் அதைக் கலந்து ஊற்றி, ஒரு தண்ணீர்க் குழாயின் இரண்டு முனையையும் அவற்றில் பதித்து, காயும்வரை கோழி அடை காப்பதுபோல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காய்ந்த பிறகு குழாயின் நடுவைப் பிடித்துத் தலைக்குமேல் தூக்கியபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுப்பு வைக்கத் திண்டு இல்லாத அம்மாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

தினமும் விடியற்காலையில், பெரட்டுக்குப் போகும் முன், லயத்துக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தடியில் அவருடைய வேலை தொடங்கும். பெரட்டு என்பது காலையில் ஆள் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். என் மகன் ஒரு நாள் காலுக்கு, ஒரு நாள் தோளுக்கு என்று பிரித்து வைத்துக்கொண்டு செய்கிறான். சித்தப்பாவுக்கு அந்தப் பிரிவினையெல்லாம் கிடையாது. தினமும் முழு உடம்புக்கும் வேலை கொடுக்க வேண்டும், ஒரு உறுப்பை விட்டுவிட்டால் அது கோபித்துக்கொள்ளும் என்பார். நெஞ்சுக்குத் தண்டால், தோளுக்கும் கைக்கும் சிமெண்டு டின், இடுப்புக்கு மணல் சாக்கு. கழுத்துக்கு என்ன செய்வது என்று யோசித்து, அம்மா சிலோனிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்திருந்த கொழுந்துக் கூடைக் கயிற்றை எடுத்து அதில் ஒரு கல்லைக் கட்டித் தலையில் மாட்டிக்கொண்டார். பெண்கள் தலையில் மாட்டுகிற கயிற்றை மாட்டிக்கொண்டு நிற்கிற ஆண்பிள்ளையைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு நாள் அம்மிக் குழவியையும் கைக்கு எடுத்துப் பார்த்தார். அதில் முதல் நாள் அரைத்த மிளகாய் ஒட்டியிருந்தது தெரியாமல் வியர்வையைத் துடைக்கக் கண்ணில் கை வைத்தார். அன்றைக்கு அவர் போட்ட ஆட்டத்தில் எல்லா உறுப்புக்கும் நல்ல வேலை கிடைத்தது.

காலுக்கு நான். அதாவது, பஸ்கி போடுவதற்கு அவர் தோளில் ஏற்றிக்கொண்ட எடை நான். அவர் மண்டியிட்டு உட்காருவார், நான் இரண்டு பக்கமும் காலைத் தொங்கப் போட்டு ஏறிக்கொள்வேன். அவர் எழும்போது தேயிலைச் செடிகள் கீழே போகும், பனிக்கு மேலே என் தலை வந்துவிடும். தேவர்சோலைப் பக்கத்து மலையும் காடும் தெரியும். அவர் உட்காரும்போது எல்லாம் மறைந்துபோகும். நான் கையை விட்டுவிட்டுத்தான் உட்காருவேன். பிடித்துக்கொள்வது எனக்குக் கௌரவக் குறைவு. குளிரில் அவர் உடம்பிலிருந்து ஆவி கிளம்பும், என் காலுக்கு அது வெதுவெதுப்பாக இருக்கும். அந்த லயத்தில் என்னைவிட உயரமான ஆள் அந்த நேரத்தில் யாரும் இல்லை.

எதற்கு இதெல்லாம் என்று நானும் கேட்டிருக்கிறேன். "சும்மாதான் புள்ள. தூக்குனா நல்லா இருக்கு" என்பார். நான் அதை நம்பவில்லை. பெரியவர்கள் உண்மையான காரணத்தைச் சின்னப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியும். என்றைக்காவது அவர் கணக்கப்பிள்ளையைத் தூக்கிப் பள்ளத்தில் போடத்தான் தயாராகிறார் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன்.

கணக்கப்பிள்ளை என்று நாங்கள் சிலோன் வழக்கப்படி சொன்னது தோட்டத்து சூப்பர்வைசரை. அவர் ஒருநாள் விடியற்காலை லயத்துப் பக்கம் வந்தவர் சித்தப்பாவைப் பார்த்துவிட்டார். மனுஷன் அங்கேயே நின்று வெகுநேரம் பார்த்தார். பெரட்டில் வந்து சொன்னார், "காலைல தூக்கறதுக்குத் தெம்பு இருக்குதில்ல, அந்தத் தெம்பத் தோட்டத்துல காட்டு." அன்றிலிருந்து உர மூட்டையை மேட்டுக்குச் சுமக்கிற வேலை சித்தப்பாவுக்கு. மற்றவர்கள் முறை வைத்துச் செய்கிற வேலை அது. அவருக்கு மட்டும் முறையே கிடையாது, தினமும் அதுதான்.

இந்த நியாயத்தைக் கொஞ்சம் பாருங்கள். உடம்பு எங்களுடையது, ஆனால் அதில் உள்ள பலம் தோட்டத்தினுடையது. வேலை முடிந்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருந்தால் அது திருட்டு. முதலாளி வீட்டுப் பிள்ளை டென்னிஸ் ஆடினால் அது விளையாட்டு, கூலிக்காரன் தண்டால் எடுத்தால் வேலையில் ஒளித்து வைத்த பலம். இதை அப்போது இப்படிச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் கணக்கப்பிள்ளையைக் கண்டால் என் பல் தானாகக் கடித்துக்கொள்ளும். அப்பா வழக்கம்போல், "அந்த டின்ன விட்டுத் தொலையேன் தம்பி" என்று கெஞ்சினார். சித்தப்பா தலையை ஆட்டினார். மறுநாள் விடியற்காலையில் சில்வர் ஓக் மரத்தடியில் டின் மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தது.

அந்த ஆண்டு சித்தப்பாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாடுகாணிப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குடும்பம், எங்களோடு அதே கப்பலில் வந்தவர்கள். பெண்ணைச் சித்தப்பா முகாமிலேயே பார்த்திருக்கிறார். பேச்சு கிட்டத்தட்ட முடிந்து, தை மாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா புதுச் சட்டை தைக்கக் கொடுத்தார். தோளுக்கு எடுத்த அளவை நம்பாமல் தையற்காரர் மறுபடி எடுத்தார் என்று வந்து சொல்லிச் சிரித்தார்.

அதற்குள் சிலோனில் பெரிய கலவரம் நடந்து முடிந்திருந்தது. ரேடியோவில் அந்தச் செய்தியே ஓடியது. அங்கே துப்பாக்கி எடுத்த பையன்களைப் பற்றி டீக்கடையில் எல்லாம் பேச்சு. கீழே பட்டணங்களில் அவர்களுக்காக ஊர்வலம் போனார்கள், சுவரில் படம் ஒட்டினார்கள் என்று கேள்விப்பட்டோம். எங்கள் மலையில் வேறு மாதிரி நடந்தது. சிலோன்காரன் என்று பெயர் வாங்கியவனெல்லாம் சந்தேகத்துக்குரியவன் ஆகிவிட்டான். நாங்கள் அங்கே தேயிலை பறித்தவர்கள், இங்கே வந்தும் தேயிலை பறித்தவர்கள். நடுவில் துப்பாக்கி எங்கிருந்து வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. ரோட்டு முக்கில் டீக்கடை வைத்திருந்தவர் மலையாளத்தில் பாதியும் தமிழில் பாதியுமாகச் சித்தப்பாவிடம், எப்போது அங்கே போகப்போகிறாய், யார் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். சும்மாதான் தூக்குகிறேன் என்று சித்தப்பா சொன்னதும் கடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால், பட்டாளத்தில் சேரப்போகிறேன் என்றாவது சொல்லியிருந்தால், பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். உண்மையைச் சொன்னதால் வினை வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போலீஸ்காரர் ஒருவர் லயத்துக்கு வந்தார். வழி காட்ட டீக்கடைக்காரரும் கூட வந்திருந்தார். அம்மா தலைக்கு எண்ணெய் வைத்து எனக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா மரத்தடியில் டின்னைத் துடைத்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். பூட்ஸ் காலால் தட்டினார். சிமெண்டுக்குள் எதையாவது வைத்து மூடியிருக்கிறதா என்று குனிந்து காது கொடுத்துக்கூடக் கேட்டார்.

"ஏப்பா, இத எதுக்கு வெச்சிருக்கற?"

"சும்மா, ஒடம்புக்குங்க."

"சும்மா எவனாச்சும் இதத் தூக்குவானா?"

தூக்க முடியுமா என்று பார்க்க அவரே குனிந்தார். குழாயைப் பிடித்து இழுத்தார். முழங்கால் வரைக்கும் வந்தது, அதற்குமேல் வரவில்லை. லயத்துப் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். அவர் நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. கேள்வியெல்லாம் நின்றுபோய், சாமானை எடுத்துக்கொண்டு அவுட்போஸ்ட்டுக்கு நட என்று உத்தரவாகிவிட்டது.

பறிமுதல் செய்தவர் அவர், சுமக்க வேண்டியவர் சித்தப்பா. இந்த அநியாயத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. திருடியவனிடம் திருட்டுப் பொருளைச் சுமக்கச் சொன்னாலாவது ஒரு அர்த்தம் உண்டு. இவர் தன் பொருளைத் தானே தோளில் வைத்து, தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறவருக்குப் பின்னால் மலையிறங்கினார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார். பாதி சிக்கெடுத்த தலையோடு நானும் ஓடினேன். போகாதே என்று அம்மா கத்தியது காதில் விழுந்தது, நான் நிற்கவில்லை.

அவுட்போஸ்ட்டுக்குப் போக ரோட்டில் இறங்கி வெகுதூரம் நடக்க வேண்டும். சித்தப்பா தோள் மாற்றி மாற்றிக் கொண்டுபோனார். எதிரே வந்த பஸ் எங்களுக்காக வேகத்தைக் குறைத்தது, ஜன்னலெல்லாம் தலைகள். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அன்று சந்தைக்குப் போகிற கூட்டம் வேறு. நல்ல வேளை, சித்தப்பா தலையைக் குனியவில்லை. குனிந்தால் டின் சரிந்துவிடும் என்பதுதான் காரணம், ஆனாலும் எனக்குப் பெருமையாக இருந்தது. போலீஸ்காரருக்குத்தான் மூச்சு வாங்கியது. அப்பா அவருக்கு ஒரு அடி பின்னால், கூப்பிய கையைப் பிரிக்காமலேயே நடந்து வந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது. யாரும் இன்னும் அதட்டக்கூட இல்லை.

அவுட்போஸ்ட்டில் ஏட்டு இருந்தார். வயதானவர், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், எனக்கு உட்காரப் பெஞ்சு காட்டினார். சித்தப்பாவைத் தரையில் உட்காரச் சொன்னார். எத்தனை பேர் சேர்ந்து தூக்குகிறீர்கள், யார் சொல்லிக்கொடுத்தது, கடலோரம் போய் வந்தாயா என்று வரிசையாகக் கேட்டார். சித்தப்பா எல்லாவற்றுக்கும் இல்லைங்க என்றார்.

"பொழுதுக்கும் தோட்டத்துல மூட்டை தூக்கறவன், காலங்காத்தால எந்திரிச்சு இதையும் தூக்கறான்னா ஏதோ ஒரு காரணம் இருக்கோணுமல்ல?" என்றார் ஏட்டு.

"காரணம் ஒண்ணும் இல்லீங்க. தூக்குனா நல்லா இருக்குங்க."

ஏட்டு பேனாவை மூடி வைத்தார். இதே பதிலைச் சொன்னால் ஊட்டிக்கு அனுப்ப வேண்டியிருக்கும், அங்கே இருக்கிறவர்கள் தன்னைப்போல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று நிதானமாகச் சொன்னார். அவர் மிரட்டியது போலக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஊட்டிக்கு அனுப்பினால் பூந்தோட்டம் பார்க்கலாம் என்பது அன்றைக்கு என் அறிவு. பக்கத்துத் தோட்டத்திலிருந்து அப்படிக் கொண்டுபோன ஒரு பையன் பல வாரமாகியும் வீடு திரும்பவில்லை என்பதும், அவன் அம்மா ஒவ்வொரு ஆபீஸ் வாசலாக உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் யாரும் அதை என் காதுபடப் பேசியதில்லை.

அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார்.

"ஐயா, இவன் சின்னதில தலையில அடிபட்டவனுங்க. புத்தி மட்டுங்க. கல்லக் கண்டா கல்லத் தூக்குவான், டின்னக் கண்டா டின்னத் தூக்குவான். இவன் சொல்றதப் பெருசா எடுத்துக்காதீங்க."

நான் பெஞ்சிலிருந்து குதித்தேன். சித்தப்பாவுக்குத் தலையில் எந்தக் காலத்திலும் அடிபட்டதில்லை. எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர் அவர். லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் படித்துச் சொல்பவர் அவர். பொய் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அப்பா என் தோளைப் பிடித்து அமுக்கினார். அவ்வளவு அழுத்தமாக அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

ஏட்டு சித்தப்பாவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு இரண்டு விரலை நீட்டி, இது எத்தனை என்று கேட்டார்.

சித்தப்பா விரலைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு லாரி ஏற்றத்தில் முனகிக்கொண்டு போனது. அது வளைவு தாண்டும்வரை சித்தப்பா அப்படியே இருந்தார். பிறகு வாயை அகலத் திறந்து சிரித்து, நாலு என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற டீக்கடைக்காரரும் சிரித்தார். எல்லாருக்கும் ஒரு பெரிய சந்தேகம் தீர்ந்த நிம்மதி. ஒரு கூலிக்காரன் தன் சந்தோஷத்துக்காக எடை தூக்குகிறான் என்பதை நம்ப முடியாதவர்களுக்கு, அவன் பைத்தியம் என்பதை நம்ப ஒரு நொடிகூட ஆகவில்லை. இதற்குமேல் ஒரு அவமானம் இருக்க முடியுமா என்று நினைத்தேன். இருந்தது. எங்கே, தூக்கிக் காட்டு பார்க்கலாம் என்றார் ஏட்டு. சித்தப்பா எழுந்து குழாயைப் பிடித்துத் தலைக்குமேல் தூக்கி, அந்தச் சிரிப்பை மாற்றாமல் நின்றார். போலீஸ்காரர்கள் கை தட்டினார்கள். இறக்கி வைத்த பிறகு, டின் இங்கேயே இருக்கட்டும், இவனைக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார்கள். அப்பா நாலு பக்கமும் கும்பிட்டார்.

திரும்பி வரும்போது அப்பா முன்னால் நடந்தார். நான் அவர் கையைப் பிடிக்கவில்லை. சித்தப்பாவிடம், நீ ஏன் ரெண்டு என்று சொல்லவில்லை என்று கேட்டேன். பசிக்குது புள்ள, பேசாம வா என்றார். பாரம் எதுவும் இல்லாமல் நடக்கும்போதுதான் அவருக்கு மூச்சு வாங்கியது.

டீக்கடைக்காரர் எங்களுக்கு முன்பே சேதியைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். அந்த மாதம் முடிவதற்குள் நாடுகாணிக்கும் சேதி போய்விட்டது. புத்தி மட்டானவனுக்குப் பெண் கொடுக்க முடியாது, மறைத்துப் பேசியது தப்பு என்று அவர்கள் சொல்லி அனுப்பினார்கள். அம்மா நேரில் போய்ப் பேசிப் பார்த்தாள். உங்கள் வீட்டுக்காரரே போலீசில் சொன்னாராமே என்று கேட்டு அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதுச் சட்டை தகரப் பெட்டிக்குள் போயிற்று. அதன் பிறகு சித்தப்பாவுக்குக் கல்யாணமாக எத்தனையோ வருஷம் பிடித்தது. கணக்கப்பிள்ளை அவர் பெயரையே விட்டுவிட்டு லூசு என்று கூப்பிட ஆரம்பித்தார், உர மூட்டையை மட்டும் குறைக்கவில்லை. அவுட்போஸ்ட்டில் அந்த டின்னைக் காற்றில் கதவு அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்ப்பேன். என் சித்தப்பாவின் டின்னுக்கு அவர்கள் ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள்.

போலீசையும் கணக்கப்பிள்ளையையும் டீக்கடைக்காரரையும் விட எனக்கு அப்பாவின் மேல்தான் கோபம். மற்றவர்கள் வெளியாட்கள். அந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு, தன் கையால் சோறு வாங்கித் தின்று வளர்ந்த தம்பியைப் பைத்தியம் என்று ஊருக்கு எழுதிக்கொடுத்தவர் அவர். அவுட்போஸ்ட்டிலிருந்து திரும்பிய அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. அவர் பிட்டுக் கொடுத்த ரொட்டியையும் தொடவில்லை. சித்தப்பா மட்டும் ஒன்றும் நடக்காததுபோல அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

மறுநாள் விடியற்காலை வழக்கமான நேரத்துக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. பின்பக்கம் போனேன். சித்தப்பா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். டின் இருந்த இடத்தில் இரண்டு வட்டமாகப் புல் வெளுத்துக் கிடந்தது. அவர் எதையும் தொடவில்லை. மணல் சாக்கு அப்படியே கிடந்தது. நான் போய் அவர் முன்னால் நின்றேன். வழக்கம்போல் மண்டியிடுவார் என்று பார்த்தேன். "இன்னைக்கு வேணாம் புள்ள" என்றார். நாளைக்கு என்று கேட்டேன். நாளைக்கும் வேண்டாம் என்றார்.

அப்போது அப்பா கதவைத் திறந்துகொண்டு வந்தார். போர்த்தியிருந்த கம்பளியை எடுத்து மடித்து மணல் சாக்கின் மேல் வைத்தார். அந்தக் குளிரில் அவர் கம்பளியைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை.

"உக்காரு தம்பி" என்றார்.

சித்தப்பாவுக்குப் புரியவில்லை.

"உக்காரு. என்னைய ஏத்திக்க. டின்னு அளவுக்குக் கனம் இருப்பேன்ல."

சித்தப்பா வேண்டாம் அண்ணே, வேண்டாம் அண்ணே என்று பின்னால் போனார். அப்பா அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு மரத்தைப் பிடித்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, காலை நடுங்க நடுங்கத் தூக்கிப் போட்டுத் தம்பியின் தோளில் ஏறி உட்கார்ந்தார். சித்தப்பா கொஞ்ச நேரம் எழவே இல்லை. பிறகு எழுந்தார்.

தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருக்கிற இடம் தெரியாமல் இருக்க வேண்டும் என்று சொன்ன மனிதர் லயத்துக் கூரைக்கு மேலே தெரிந்தார். "தம்பிக்கு மட்டும்னுல்ல நெனச்சோம், அண்ணனுக்குமா" என்று ஒருத்தி சொன்னாள். எல்லாரும் சிரித்தது அப்பாவுக்குக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. அவர் இறங்கவில்லை. சித்தப்பா உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். அவர் உடம்பிலிருந்து ஆவி கிளம்ப ஆரம்பித்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. நேற்று அவ்வளவையும் செய்துவிட்டு இன்றைக்கு என் இடத்தையும் பிடித்துக்கொண்டாரே என்று ஆத்திரம் பொங்கியது. இறங்குங்கள், அது என் இடம் என்று காலை உதைத்துக் கத்தினேன். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவில்லை. அப்பா தம்பியின் தலையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கன்னத்தில் வழிந்தது தாடையில் சேர்ந்து சித்தப்பாவின் முடிக்குள் விழுந்தது. விழுந்துவிடுவோம் என்று பயந்து அழுகிறார் என்று நினைத்தேன். கையை விட்டுவிட்டுத் தினமும் அங்கே உட்கார்ந்தவள் நான். அந்த உயரத்துக்குப் போய் ஒரு பெரிய மனுஷன் இப்படி அழுவாரா என்று எனக்கு அவர் மேல் இன்னும் கோபம்தான் வந்தது.